நெஞ்சுக்கு லைப்போசக்ஷன் (கொழுப்ப குழாய் விட்டு உறிஞ்சி எடுக்குறது) பண்ணப் போற ஆம்பளைங்க மொதல்ல இத வாசிச்சிட்டு போங்க

இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன். பேர் போடல, ஊரு மலநாட்டுல நோர்வூட் பக்கம்னு மட்டும் வச்சிக்குங்க. நான் ஒரு ஸ்கூல் டீச்சர். எனக்கு 14 வயசுல இருந்தே நெஞ்சு ரெண்டு பக்கமும் பொம்பளைங்களுக்கு மாதிரி பொடச்சிக்கிட்டு இருந்துச்சி. ஆள் ஒண்ணும் பெரிய குண்டு இல்ல, 68 கிலோ தான். ஆனா டீசர்ட் போட்டா தெரியும், மழையில நனஞ்சா இன்னும் நல்லா தெரியும், எங்க பக்கம் மழையில நனையாம இருக்க முடியுமா சொல்லுங்க. எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து லைன் வீடுங்களுக்கு, பொதுவா ஒரே பீலி (தண்ணி குழாய்) தான், சாயங்காலம் வேல விட்டு வந்தா ஆம்பளைங்க எல்லாம் சாரத்த கட்டிக்கிட்டு அங்க தான் குளிப்பாங்க, நான் மட்டும் சட்டையோட குளிப்பேன். கேட்டா குளிருதுன்னு சொல்லுவேன். மலையில பொறந்து வளந்தவன் குளிருதுன்னு சொன்னா எத்தன வருசத்துக்கு நம்புவாங்க. நான் காவடி எடுப்பேன்னு அம்மா நேர்த்தி வச்சிருந்தாங்க, சட்ட இல்லாம எடுக்கணுமேன்னு நான் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஏதாவது ஒரு சாக்கு சொல்லி அஞ்சு வருசம் தள்ளிப்போட்டேன். பொண்ணு பாக்குற பேச்சு வந்தாலும் அதே கத தான்.

2018ல எனக்கு 29 வயசு. ராத்திரியில போர்வைக்குள்ள போன வச்சிக்கிட்டு தேடுவேன், அப்பிடி ஒரு நாள் கொழும்புல ஒரு இடத்தோட லைப்போசக்ஷன் விளம்பரம் கண்ணுல பட்டுச்சி. ஒரு மணித்தியாலம் தான், தழும்பு இல்ல, மறுநாளே வேலைக்கு போகலாம், 1 லட்சத்து 75 ஆயிரம் ரூவாயில இருந்துன்னு போட்டிருந்தாங்க. அந்த "இல் இருந்து" ங்கிற வார்த்தைய நான் கவனிக்கவே இல்ல. யார்கிட்டயும் கேக்கல, அக்காகிட்ட கூட சொல்லல. டிஸ்ட்ரெஸ் லோன் (அரசாங்க வேலையில இருக்கவங்களுக்கு குடுக்குற கடன்) போட்டேன், ஆபீஸ்ல கேட்டதுக்கு வீட்டுக்கு கூரத் தகரம் மாத்தணும்னு சொன்னேன், மிச்சத்துக்கு சீட்டு எடுத்தேன். ஆகஸ்ட் லீவுல ஒரு ட்ரெய்னிங் இருக்குன்னு வீட்டுல ஒரு பொய். இப்ப நெனச்சா எனக்கு ஆன செலவுல பாதி இந்தப் பொய்யால தான் ஆச்சி, எப்பிடின்னு சொல்றேன்.

மொதல் தடவ டொக்டர பாக்க 2,500 ரூவா. உள்ள இருந்தது பத்து நிமிசம் இருக்கும். சட்டைய தூக்க சொன்னாரு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பாத்தாரு, நான் வேற வெக்கத்துல டக்குனு எறக்கிட்டேன். கைய வச்சி பாக்கவே இல்ல. "கொழுப்பு தான், உறிஞ்சி எடுத்துரலாம்"னு சொன்னாரு. எனக்கு அந்த ஒரு வார்த்த போதும் அப்ப. இங்க தான் நான் கோட்ட விட்டது. ஆம்பளைக்கு நெஞ்சு பொடச்சி இருக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ஒண்ணு வெறும் கொழுப்பு, இன்னொன்னு நெசமாவே மார்பு சுரப்பி வளந்திருக்கிறது, அதுக்கு கைனகோமாஸ்டியான்னு பேரு, நெறைய பேருக்கு ரெண்டும் கலந்து இருக்கும். லைப்போசக்ஷன்ல கொழுப்பு தான் குழாய் வழியா வரும். சுரப்பி கெட்டியா ரப்பர் மாதிரி இருக்கிறதால அது அவ்வளவு லேசா வராது, காம்புக்கு கீழ சின்னதா வெட்டித்தான் எடுக்கணும். மல்லாக்க படுத்துக்கிட்டு பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வச்சி ரெண்டு பக்கத்துல இருந்தும் காம்ப நோக்கி மெதுவா அமுக்கிட்டு வந்தா, சுரப்பி இருக்கவங்களுக்கு நேரா காம்புக்கு கீழ ஒரு வட்டமான கெட்டி தட்டுப்படும், வெறும் கொழுப்புன்னா விரலுக்கு எதுவும் தடுக்காது. டொக்டரும் மொதல்ல செய்ய வேண்டியது இதத்தான், அவருக்கு ரெண்டு செக்கன் போதும். கைய வச்சே பாக்காம கொழுப்புன்னு யாராவது சொன்னா அந்த எடத்துல காசு கட்டாதீங்க.

சத்திரசிகிச்சைக்கு முந்துன நாள் ப்ளட் டெஸ்ட், சுகர், ஈசிஜி எல்லாம் எடுத்தாங்க, 8,400 ரூவா. அப்ப தான் பில்லு 2 லட்சத்து 10 ஆயிரம்னு சொன்னாங்க, ரெண்டு பக்கமும்னா அந்த வெலையாம். ஒரு பக்கம் மட்டும் பண்ணிக்கிறவன் எவன் இருக்கான்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சி, கேக்கல, லோன் எடுத்தாச்சி, லீவும் போட்டாச்சி. அப்பறம் ஒரு ஃபோர்ம், நாலு பக்கம், சிங்களத்துலயும் இங்கிலீஸ்லயும் தான் இருந்துச்சி. எனக்கு ரெண்டும் ஓரளவு வாசிக்க வரும், ஆனா மருத்துவ வார்த்த எல்லாம் யாருக்கு புரியும், நர்ஸ் வேற பேனாவ நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க, காட்டுன எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன். ஏழு மாசம் கழிச்சி அந்த கொப்பிய எடுத்து டிக்சனரி வச்சிக்கிட்டு வாசிச்சா, சுரப்பி திசு மிச்சம் இருக்கலாம், அதுக்கு தனியா சத்திரசிகிச்ச தேவப்படலாம்னு மூணாவது பக்கத்துல தெளிவா போட்டிருக்கு. நான் தான் கையெழுத்து போட்டிருக்கேன். அதனால ஃபோர்ம ஒரு நாள் முன்னாடியே வாங்கிட்டு வந்து, புரியிறவங்கள வச்சி தமிழ்ல சொல்லச் சொல்லி கேளுங்க. அவசரப்படுத்துனா எந்திரிச்சி வந்துருங்க.

மருந்து விசயம் ஒண்ணு. அஸ்பிரின், ப்ரூஃபன், டிக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்தர, மீன் எண்ண குளிச, பூண்டு குளிச எல்லாம் ரத்தம் நிக்காம போக காரணமாகலாம், டொக்டர்கிட்ட சொல்லி எத எப்ப நிப்பாட்டணும்னு கேட்டுக்கணும், இதய வருத்தத்துக்கு குடுத்தத மட்டும் நீங்களா நிப்பாட்டிறாதீங்க. சிகரெட் குடிக்கிறவங்க ஒரு மாசத்துக்கு முன்னயே விடணும், இல்லன்னா காயம் லேசுல ஆறாது. நான் குடிக்கிறதில்ல, ஆனா பக்கத்து கட்டில்ல இருந்த ஒரு தம்பி காலையில கூட குடிச்சிட்டு தான் வந்தேன்னு என்கிட்ட சொன்னான், நர்ஸ்கிட்ட இல்லன்னுட்டான்.

தியேட்டர்ல என்ன நடக்கும்னு யாருமே எனக்கு சொல்லல, அதனால கொஞ்சம் வெவரமா எழுதுறேன். எனக்கு முழுசா மயக்கம் குடுக்கல. தூக்கம் வர்ற மாதிரி ஒரு மாத்தர, அப்பறம் அந்த எடத்த மட்டும் மரக்க வைக்கிறது. நெஞ்சுல பேனாவால வட்டம் வட்டமா கோடு போட்டாங்க, மலைக்கு வரைபடம் போடுற மாதிரி. அக்குளுக்கு கிட்ட சின்ன ஓட்ட போட்டு அது வழியா தண்ணி மாதிரி ஒரு மருந்த ஏத்துனாங்க, சேலைன்ல மரத்துப்போற மருந்தும், ரத்தக்குழாய சுருக்குறதுக்கு அட்ரினலினும் கலந்தது. இந்த முறைய 1980கள்ல கலிபோர்னியாவுல ஜெஃப்ரி க்ளைன்னு ஒரு தோல் டொக்டர் கொண்டு வந்தாராம், அதுக்கு முன்ன லைப்போசக்ஷன்னா ரத்தம் ரொம்ப போகுமாம். எல்லாத்தையும் விட வலிச்சது இந்த தண்ணி ஏத்துறது தான், ஊசி குத்துற வலி இல்ல, உள்ளுக்குள்ள இறுகி பெருக்குற வலி, கூடவே ஐஸ் மாதிரி குளிரு, பல்லு கிட்டுச்சி. நெஞ்சு ஃபுட்போல் மாதிரி கெட்டியா ஆயிருச்சி. பொறகு கெனுலான்னு ஒரு நீளமான குழாய், கையில குத்துற சின்ன கெனுலா இல்ல, அத உள்ள விட்டு முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்குறாங்க. வலி இல்ல, ஆனா தோலுக்கு அடியில ஒருத்தன் மம்பட்டியால கொத்துற மாதிரி ஒரு அசைவு தெரியும், எலும்பு கிட்ட வர்றப்ப சுருக்குன்னு இருக்கும். மெசின் சத்தம், உறிஞ்சிற சத்தம். பக்கத்துல ஒரு போத்தல்ல மஞ்சளும் செவப்புமா சேந்துக்கிட்டே இருந்துச்சி, ரெண்டு பக்கமும் சேத்து 450 மில்லி. ஒரு மணித்தியாலம்னு சொன்னது ரெண்டே கால் மணித்தியாலம் போச்சி. அதுக்கு இடையில எடது பக்கம் வலிக்குதுன்னு நான் ரெண்டு தடவ சொல்ல வேண்டி வந்துச்சி. வலிச்சா சொல்லுங்க, பல்ல கடிச்சிக்கிட்டு படுத்திருக்காதீங்க. ஆனா அந்த மரப்பு மருந்தையும் எடைக்கு ஏத்த அளவுக்கு மேல குடுக்க கூடாது, கூடிப்போனா நாக்கு, ஒதடு மரத்து, காதுல கொயின்னு சத்தம் வரும், அப்பிடி ஏதாவது தெரிஞ்சா அதையும் ஒடனே சொல்லணும்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு போகலாம்னாங்க. கூட்டிட்டு போறது யாருன்னு கேட்டாங்க, வெளிய நிக்கிறாரு தம்பின்னு சொன்னேன். வெளிய நின்னது த்ரீவீல்காரர். அவருக்கு நான் யாருன்னே தெரியாது, பாவம், நான் நடக்குற நடைய பாத்துட்டு வெள்ளவத்த வரைக்கும் மெதுவா தான் ஓட்டுனாரு. லொட்ஜ்ல மூணு நாள், ஒரு நாளைக்கு 2,500. நெஞ்ச சுத்தி இறுக்கமா ஒரு வெஸ்ட் போட்டு விட்டிருந்தாங்க, அதுக்கு தனியா 9,500.

மொதல் ராத்திரி. பதினொரு மணிக்கு முழிச்சா முதுகு எல்லாம் நனஞ்சி கெடக்கு, லைட்ட போட்டா பெட்சீட் முழுக்க செவப்பு. நான் செத்துட்டேன்னு தான் நெனச்சேன். கிளினிக் நம்பருக்கு எடுத்தா ரிங் போகுது, யாரும் எடுக்கல. வீட்டுக்கு எடுக்க முடியாது, ட்ரெய்னிங்ல இருக்கேனே. அழுதுட்டேன், அத சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல இப்ப. அது ரத்தம் இல்லன்னு காலையில தான் தெரிஞ்சிச்சி, ஏத்துன தண்ணி தான் கொஞ்சம் ரத்தத்தோட கலந்து அந்த ஓட்ட வழியா வெளிய வருது, ரோஸ் கலர்ல தண்ணியா இருந்தா அது சாதாரணம், ஒரு நாள் ரெண்டு நாள் வரும், வெளிய வர்றது நல்லதும் கூட. கெட்டியா கடும் செவப்பா நிக்காம வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீர்னு இறுகி ஊதி கருநீலமா ஆனாலோ தான் பயப்படணும், அது உள்ளுக்குள்ள ரத்தம் தேங்குறது, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு போயிரணும். இந்த ரெண்டு வரிய யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ராத்திரி தூங்கியிருப்பேன். பழைய கறுப்பு துணி, ரப்பர் சீட் ஒண்ணு, பொம்பளைங்க பாவிக்கிற பெரிய பேட் ரெண்டு பக்கெட் எடுத்துட்டு போங்க. நான் மறுநாள் ஃபார்மசில போயி அத கேக்குறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே, வைஃபுக்கான்னு கேட்டாங்க, ஆமான்னேன். பெட்சீட்டுக்கு லொட்ஜ்காரருக்கு தனியா ஒண்ணும் குடுக்கல, நானே ராத்திரியோட ராத்திரியா அலசி போட்டுட்டேன்.

மூணாவது நாள் குளிக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. வெஸ்ட்ட கழட்டுனேன், ரெண்டு நிமிசம் ஆகல, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சி, அடுத்து நான் பாக்குறப்ப பாத்ரூம் தரையில கெடக்கேன், தாடையில அடி. இறுக்கமா இருந்தத சட்டுன்னு கழட்டுனா ப்ரஷர் எறங்கி இப்பிடி ஆகும்னு பொறகு தான் சொன்னாங்க. கழட்டுறதுக்கு முன்ன ஏதாவது சாப்பிட்டு, உக்காந்துக்கிட்டு, மெதுவா கழட்டணும், கதவ பூட்ட கூடாது, வெளிய ஒரு ஆள் நிக்கணும். நான் பூட்டிட்டு தான் விழுந்தேன்.

நாலாவது நாள் காலையில லொட்ஜ விட்டேன். புறக்கோட்டையில பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்தேன். அந்த ரோட்டு உங்களுக்கு தெரியும், அவிசாவளை வரைக்கும் பிரச்சின இல்ல, கித்துல்கல தாண்டி கினிகத்தேன ஏத்தத்துல ஒவ்வொரு வளைவுக்கும் ஒடம்பு ஒரு பக்கம் சாயும், நெஞ்சுக்குள்ள எல்லாம் அவுந்து விழுற மாதிரி இருக்கும். கைய தூக்கி கம்பிய புடிக்க முடியாது. ஹட்டன்ல இருந்து நோர்வூட் பஸ்ல சீட் கெடைக்கல, நின்னுக்கிட்டு வந்தேன், கைய தூக்க முடியாம ஒரு மாமாவோட தோள்ல சாஞ்சிக்கிட்டே, அவரு நான் குடிச்சிருக்கேன்னு நெனச்சி திட்டிட்டே வந்தாரு. அஞ்சாறு மணித்தியாலம் ஒரே எடத்துல உக்காந்து வர்றது காலுல ரத்தம் கட்டுறதுக்கும் ஆபத்து, எந்த ஒப்பரேசனுக்கு பொறகும் அந்த பயம் இருக்கு. குறைஞ்சது ஒரு கெழமையாவது டொக்டருக்கு கிட்ட இருங்க, வரும்போது வழியில எறங்கி நடங்க. முன்பக்கம் பட்டன் வச்ச சட்ட தான் போடணும், தல வழியா போடுற டீசர்ட் ஒரு மாசத்துக்கு நடக்காது.

வீட்டுக்கு வந்தா அடுத்த கூத்து மழை. ஆகஸ்ட் மாசம் எங்க பக்கம் எப்பிடி இருக்கும்னு சொல்லணுமா, கயித்துல போட்ட துணி மூணு நாளைக்கு காயாது. அந்த வெஸ்ட் ராத்திரி பகலா ஆறு கெழம போட்டிருக்கணும், குளிக்க மட்டும் தான் கழட்டலாம், என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஈரமா போட்டுக்கிட்டா தோல் அரிச்சி புண்ணாகுது. ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கு பொறகு வெறகு அடுப்புக்கு மேல தொங்க விட்டு காய வச்சேன், பொக வாசம் புடிச்சி, கருவாடு மாதிரி நாத்தம். இரண்டாவது ராத்திரி அம்மா தண்ணி குடிக்க எந்திரிச்சி வந்துட்டாங்க. அடுப்புக்கு மேல தொங்குறத பாத்தாங்க, என்னைய பாத்தாங்க, நான் சட்ட இல்லாம ஒடம்பெல்லாம் மஞ்சளும் ஊதாவுமா நிக்கிறேன். யாரோ அடிச்சிட்டாங்கன்னு தான் மொதல்ல கத்துனாங்க. எல்லாத்தையும் சொன்னேன். முப்பத்திரெண்டு வருசம் கொழுந்து கூடைய முதுகுல சொமந்தவங்க, கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம், "ஏன்டா சாமி, நான் பெத்த ஒடம்பு தானே, என்கிட்ட என்னாடா வெக்கம்"னு சொல்லிட்டு அந்த வெஸ்ட்ட எடுத்து திருப்பி போட்டாங்க. மறுநாள் அக்காவுக்கும் மச்சானுக்கும் தெரிஞ்சிருச்சி, மச்சான் தான் ஹட்டன் கடையெல்லாம் அலஞ்சி 4,300க்கு இன்னொரு வெஸ்ட் வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு வெஸ்ட் கட்டாயம். மலநாட்டுல இருக்கவங்க முடிஞ்சா சனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள வச்சிக்குங்க, வெயில் இருக்கும்.

ஒம்போதாவது நாள் எடது பக்கம் திரும்ப பொடச்சிச்சி. வலி இல்ல, தட்டுனா தண்ணிப் பை மாதிரி ஆடும். செரோமான்னு சொல்லுவாங்களாம், கொழுப்பு இருந்த எடத்துல தண்ணி தேங்குறது. கொழும்புக்கு வரச் சொன்னாங்க. ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தாங்க, 70 மில்லி. அடுத்த கெழம 40. அதுக்கு அடுத்த கெழம 15. மூணு பயணம், மச்சான் கூட வந்தாரு, ரெண்டு பேருக்கும் பஸ்சு, சாப்பாடு, ஒரு தடவ தங்குனது, எல்லாம் சேத்து 21,000. நான் பஸ்ல ஆடி ஆடி வந்ததும், ஈர வெஸ்ட்ட போடாம விட்ட நாளும் இதுக்கு காரணமா இருக்கலாம், அப்பிடி எதுவும் இல்லாமலும் வருமாம். ஒரு விசயம், இந்த தண்ணிய வீட்டுல ஊசி குத்தி எடுக்க பாக்காதீங்க, எங்க ஊர்ல ஒருத்தர் எனக்கு அந்த ஐடியா குடுத்தாரு.

மொதல் மாசம் ஆள் ஒப்பரேசனுக்கு முன்ன இருந்தத விட வீங்கி கூட இருக்கலாம். காசு போச்சேன்னு தோணும். தோல் தொட்டா யாரோ ஒருத்தரோட தோல் மாதிரி உணர்ச்சி இருக்காது, அங்கங்க கட்டி கட்டியா தட்டுப்படும், ராத்திரியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இதெல்லாம் மெதுவா சரியாகும். மூணு மாசத்துல ஒரு உருவம் தெரியும், முழுசா ஆறு மாசம். நானும் அப்பிடியே நாள எண்ணிக்கிட்டு இருந்தேன். பக்கமெல்லாம் நல்லா எறங்கிருச்சி, ஆனா காம்பு மட்டும் ரெண்டும் கூம்பு மாதிரி முன்னுக்கு நீட்டிக்கிட்டு நின்னுச்சி. சுத்தி இருந்த கொழுப்பு போனதால இன்னும் எடுப்பா தெரிஞ்சிச்சி, முன்ன இருந்தத விட மோசம். கிளினிக்குக்கு போன் பண்ணா இன்னும் பொறுங்கன்னாங்க, அப்பறம் மசாஜ் பண்ணுங்கன்னாங்க, அப்பறம் போன் எடுக்கல.

ஏழாவது மாசம் இருமல்னு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்கு போனேன். அங்க இருந்த சின்ன வயசு டொக்டர் நெஞ்சுல ஸ்டெத் வைக்க சட்டைய தூக்குனாங்க, அக்குள் கிட்ட இருந்த சின்ன தழும்ப பாத்துட்டு என்னான்னு கேட்டாங்க. சொன்னேன். ரெண்டு விரல வச்சி ஒரு அமுக்கு. "இது சுரப்பி ஐயா, கொழுப்பு இல்ல, இதுக்கு ஏன் லைப்போ பண்ணீங்க." ஒரு சதம் செலவு இல்லாம, வரிசையில நின்னு, இருமலுக்கு போன எடத்துல தெரிஞ்சிக்கிட்டேன். வெளிய வந்து மாத்தர வாங்குற எடத்துல அப்பிடியே பெஞ்சில உக்காந்துட்டேன். ஆத்திரம் யார் மேலன்னு கூட தெரியல. அன்னைக்கு தான் அந்த ஃபோர்ம தேடி எடுத்தது.

2019 ஏப்ரல் லீவுல ஒரு நல்ல டொக்டர பாக்க நாள் போட்டிருந்தேன், ஈஸ்டர் குண்டுவெடிப்பு வந்து எல்லாம் தள்ளிப்போச்சி. இந்த தடவ தேடுனது வேற மாதிரி. இலங்கை மருத்துவ சபையில பேர் இருந்தா மட்டும் பத்தாது, அது எம்பிபிஎஸ் முடிச்ச எல்லாருக்கும் இருக்கும், ப்ளாஸ்டிக் சர்ஜன்னா கொழும்பு பல்கலைக்கழகத்தோட பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துல அதுக்குன்னு படிச்சி, விசேட வைத்தியரா பதிவாகி இருக்கணும். அத நேராவே கேட்டேன், அவரு கோவிச்சிக்கல. உங்க கேள்விக்கு கோவிச்சிக்கிற டொக்டர்கிட்ட ஒடம்ப குடுக்காதீங்க. தனியார் ஆஸ்பத்திரிக்கும் 2006ல வந்த சட்டத்துப்படி பதிவு இருக்கணும், அதையும் கேக்கலாம். காசு இல்லாதவங்க அரசாங்க ஆஸ்பத்திரி சர்ஜிகல் கிளினிக்ல காட்டுங்க, நாள் எடுக்கும், ஆனா மொதல்ல என்னா வருத்தம்னு சரியா தெரிஞ்சிக்கிறதுக்கு அத விட நல்ல எடம் இல்ல.

அவரு மொதல் நாளே கத்திய பத்தி பேசல. எத்தன வயசுல வந்துச்சி, என்னென்ன மருந்து போட்டிருக்க, ஜிம்முல ஊசி போட்டியா, குடியான்னு கேட்டாரு. வயித்து வருத்தத்துக்கு, ப்ரஷருக்கு குடுக்குற சில மாத்தரையால கூட இப்பிடி வருமாம், ஈரல், தைரொயிட், ஹோர்மோன் கோளாறாலயும் வருமாம். ரத்தத்துல ஹோர்மோன் டெஸ்ட், ஒரு ஸ்கேன். கீழ விதையையும் கைய வச்சி பாத்தாரு, எனக்கு தூக்கி வாரிப்போட்டுச்சி, ஆனா அங்க ஒரு கட்டி இருந்தாலும் நெஞ்சு இப்பிடி வரலாமாம், அதனால பாக்கத்தான் வேணும். ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி கட்டி, காம்புல ரத்தம், காம்பு உள்ளுக்கு இழுக்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அழகு பத்தி யோசிக்காம ஒடனே காட்டுங்க, ஆம்பளைக்கும் மார்புல கென்சர் வரும், அபூர்வமா தான், ஆனா வரும். எனக்கு எல்லாம் சரியா இருந்துச்சி, வயசுக்கு வர்றப்ப வந்தது போகாம தங்கிருச்சி அவ்வளவு தான். இத்தன வருசம் ஆனதால மாத்தரைக்கு கரையாதுன்னாரு.

டிசம்பர் லீவுல ரெண்டாவது ஒப்பரேசன். முழு மயக்கம், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில, காம்போட கறுப்பு வட்டத்து ஓரத்துல பாதி வட்டமா வெட்டி எடுத்தாரு. ரெண்டு சின்ன குழாய் வச்சி விட்டாங்க, மறுநாள் உருவிட்டாங்க. எடுத்தத லேபுக்கும் அனுப்புனாங்க. முழுசா சொரண்டி எடுத்தா காம்பு பள்ளமா விழுந்துரும்னு கொஞ்சம் விட்டு வச்சாராம். மொத ஒப்பரேசனால உள்ள எல்லாம் ஒட்டிப்போயி கெட்டியா இருந்ததால நேரம் கூட எடுத்துச்சின்னு சொன்னாரு, ஒண்ணா பண்ணியிருந்தா ஒரே தடவையில முடிஞ்சிருக்கும். எடது காம்புல இன்னைக்கும் உணர்ச்சி கொறவு. ஆனா அந்த ஒரு கெழம எப்பிடி போச்சின்னே தெரியல எனக்கு, அக்கா கஞ்சி வச்சி குடுத்தாங்க, மச்சான் வெஸ்ட் மாட்டி விட்டாரு, வேன்ல தலகாணி வச்சி கூட்டிட்டு வந்தாங்க.

கணக்கு கேக்குறவங்களுக்கு: மொதல் தடவ எல்லாம் சேத்து 2 லட்சத்து 70 ஆயிரம், ரெண்டாவது தடவ டெஸ்ட், வேன் சேத்து 2 லட்சத்து 90 ஆயிரம். மொத்தம் 5 லட்சத்து 60 ஆயிரம், அப்ப என் கைக்கு வந்த சம்பளத்துக்கு 16 மாச சம்பளம். 2018ல டொலர் 160 ரூவா கிட்ட இருந்துச்சி, 2022 பொருளாதார நெருக்கடிக்கு பொறகு எல்லா வெலையும் வேற, அதனால என் கணக்க வச்சி பட்ஜெட் போடாதீங்க. சொன்ன பில்லுக்கு மேல குறைஞ்சது கால்வாசி கையில இருக்கணும், அது மட்டும் நிச்சயம்.

இப்ப ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் தெரியும், தொந்திக்கு பண்ணலாமான்னு கேக்குறாங்க. லைப்போ மெலியுறதுக்கு இல்ல. தோலுக்கு கீழ இருக்க கொழுப்பு தான் வரும், வயித்துக்குள்ள கொடலோட இருக்கறது வராது, நம்ம ஆம்பளைங்க தொந்தியில அதுவும் நெறைய இருக்கும். எடுத்த கொழுப்பு திரும்ப வராது, ஆனா மிச்சம் இருக்கறது நீங்க திங்கிற திங்குல பெருக்கும். யாரா இருந்தாலும், பண்ணதுக்கு பொறகு மூச்சு வாங்குச்சின்னா, நெஞ்சு குத்துச்சின்னா, ஒரு கெண்டக்கால் மட்டும் வீங்கி வலிச்சிச்சின்னா, கிளினிக் நம்பர அடிச்சிக்கிட்டு இருக்காதீங்க, 1990 நம்பருக்கு எடுங்க, அம்புலன்ஸ் காசு இல்ல. காய்ச்சல், சீழ், செவந்து சூடா பரவுறதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இந்த வருசம் என் வகுப்புல ஒரு பையன், 14 வயசு, பீட்டி பாடத்துக்கு வரவே மாட்டேங்குறான், வெயில்லயும் ஸ்வெட்டர். எனக்கு பாத்ததும் தெரிஞ்சிருச்சி. அந்த வயசுல நெறைய பையன்களுக்கு வரும், பெரும்பாலும் ரெண்டு வருசத்துக்குள்ள தானா எறங்கிரும், யாரும் அவசரப்பட்டு கத்தி வைக்க வேண்டியது இல்ல, ஒரு தடவ டொக்டர்கிட்ட காட்டி வச்சா போதும். அவன் அப்பாவ கூப்பிட்டு பேசுனேன். மனுசன் மொதல்ல சிரிச்சாரு, அப்பறம் தன்னோட சட்டைய ஒரு தடவ இழுத்து விட்டுக்கிட்டு, "எனக்கும் இருக்கு சேர்"னு மெதுவா சொன்னாரு. வியாழக்கெழம கிளினிக். நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன்.